கழிவை இரையாக்கும் நீர்: பயோஃபிளாக் முறையில் மீனின் வளர்ச்சியும் நோய் தாங்கும் திறனும்

மீனுக்கு இடும் தீவனத்தில் இருக்கும் நைட்ரஜனில் ஏறத்தாழ கால் பங்கு மட்டுமே மீனின் உடலாகிறது. எஞ்சிய முக்கால் பங்கு, செவுள் வழியே வெளியேறும் அமோனியாவாகவும், எச்சமாகவும், தின்னப்படாமல் ஊறிக் கரையும் தீவனத் துகளாகவும், மீன் மூச்சுவிடும் அதே நீரில் கலக்கிறது. தீவனத்தில் விலை கூடிய பொருள் புரதம். அந்தப் புரதத்தின் பெரும்பகுதி மீனுக்கே நஞ்சாகத் திரும்புகிறது என்பதுதான் செறிவு மீன் வளர்ப்பின் அடிப்படைச் சிக்கல். மீன் குறைவாகவும் நீர் மிகுதியாகவும் உள்ள குளங்களில் பாசியும் அடிமண்ணும் இந்தக் கழிவை மெல்ல உள்வாங்கிக்கொள்ளும். ஒரு கன மீட்டர் நீரில் பல கிலோ மீனை வளர்க்க முற்படும்போது அந்த இயற்கை ஏற்பாடு போதாமல் போகிறது. அப்போது நீரை அடிக்கடி மாற்ற வேண்டும், அல்லது வடிகட்டிகள் வழியே சுழற்றிச் சுத்திகரிக்க வேண்டும், அல்லது கழிவை அங்கேயே உண்டு வளரும் நுண்ணுயிர்களைத் தொட்டிக்குள் வளர்க்க வேண்டும். மூன்றாவது வழியைத்தான் பயோஃபிளாக் என்கிறோம்.

1970களில் தாஹித்தியில் இயங்கிய பிரெஞ்சுக் கடல் ஆய்வு மையத்தில் இறால்களைக் கொண்டு இதற்கான முதல் முயற்சிகள் நடந்தன. 1990களில் இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோரம் அவ்னிமெலெக் திலேப்பியா குளங்களிலும், அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஸ்டீவ் ஹாப்கின்ஸ் இறால் குளங்களிலும், ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த வழியை வளர்த்தெடுத்தனர். நீரை மாற்றாமலேயே செறிவாக இறால் வளர்க்கலாம் என்பதை வணிக அளவில் காட்டியது மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் அமைந்த பண்ணை. 1999இல் அவ்னிமெலெக் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான விகிதத்தைக் கொண்டே நீரின் தரத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்று கணக்கோடு நிறுவியது. இன்று இம்முறையைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான கையேடுகள் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன.

அந்தக் கணக்கை ஒருமுறை முழுமையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது; இம்முறையின் நன்மை, ஆபத்து இரண்டுமே அதற்குள் இருக்கின்றன. 30 சதவீதப் புரதம் கொண்ட தீவனம் ஒரு கிலோ இடுகிறோம் என்று கொள்வோம். அதில் 300 கிராம் புரதம் உள்ளது. புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், ஒரு கிலோ தீவனத்தில் 48 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் கால் பங்கை எடுத்துக்கொண்டால் 36 கிராம் நீரில் சேர்கிறது. பாக்டீரியாவும் உடல் வளர்க்கப் புரதம் உண்டாக்க வேண்டும். அதற்கான நைட்ரஜனை அது அமோனியாவிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் உடலைக் கட்டுவதற்கும் மூச்சுவிடுவதற்கும் அதற்குக் கார்பன் தேவை. மீன் தீவனத்தில் புரதம் மிகுதி என்பதால் நைட்ரஜனுக்கு ஈடான கார்பன் அதில் இருப்பதில்லை. அந்தக் குறையை வெல்லப்பாகு, மரவள்ளி மாவு, தவிடு, சர்க்கரை போன்ற மாவுச்சத்துப் பொருள்களால் நிரப்பினால், பாக்டீரியா பெருகி அமோனியாவை இழுத்துக்கொள்ளும். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை இவ்வாறு கட்டிப்போட ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது அவ்னிமெலெக்கின் மதிப்பீடு. வேதிச் சமன்பாட்டின் வழியே பின்னர் போடப்பட்ட கணக்கு ஒன்று இதை 15 கிராம் அளவில் வைக்கிறது. குறைந்த கணக்கைக் கொண்டாலும், நம் ஒரு கிலோ தீவனத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் மாவுச்சத்து தேவைப்படுகிறது.

இதன் பலனாக அந்த 36 கிராம் நைட்ரஜனும் பாக்டீரியாவின் உடலாகிவிட்டால், உலர் எடையில் ஏறத்தாழ 290 கிராம் நுண்ணுயிர்த் திரள் கிடைக்கும். அதில் 225 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். மீன் முதல் சுற்றில் எடுத்துக்கொண்ட 75 கிராம் புரதத்தை இதனோடு வைத்துப் பார்த்தால், இழந்ததாக நினைத்த புரதம் முழுவதும் மீண்டும் உண்ணத்தக்க வடிவில் நீரில் மிதப்பது தெரியும். இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் எச்சத்தின் ஒரு பகுதி அடியில் தங்கும், அமோனியாவில் ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறும், உருவான திரள் முழுவதையும் மீன் தின்றுவிடாது. அப்படி இருந்தும், ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய புரதத்தை மீன் இரண்டாவது முறையும் உண்ண வாய்ப்பு கிடைக்கிறது என்பதே இம்முறையின் உயிர்நாடி.

அமோனியாவை அகற்ற நீரில் இரண்டு வகைப் பாக்டீரியாக்கள் உழைக்கின்றன. மாவுச்சத்தை உண்டு அமோனியாவை உடலாக மாற்றுபவை ஒரு வகை. அவை மிக விரைவாகப் பெருகும், மாவுச்சத்து போட்ட சில மணி நேரத்திலேயே அமோனியா இறங்குவதைக் காணலாம். அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றி அதிலிருந்தே ஆற்றல் பெறுபவை மற்றொரு வகை. அவை நிலைபெறச் சில வாரங்கள் ஆகும், ஆனால் நிலைபெற்றபின் மாவுச்சத்தை எதிர்பார்க்காமல் வேலை செய்யும். ஒரே அளவு அமோனியாவுக்கு முதல் வகை உண்டாக்கும் உடல் எடை, இரண்டாம் வகை உண்டாக்குவதைவிட ஏறத்தாழ 40 மடங்கு. ஆகவே மாவுச்சத்தை வாரிக் கொட்டிக்கொண்டே இருக்கும் தொட்டியில் திரள் கட்டுக்கடங்காமல் தடிக்கும். தொடக்க வாரங்களில் மாவுச்சத்தால் அமோனியாவை அடக்கி, நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா வேரூன்றியபின் மாவுச்சத்தைப் படிப்படியாகக் குறைக்கும் தொட்டி நிதானமாக ஓடும். கார்பன்–நைட்ரஜன் விகிதத்தைத் தொடக்கத்தில் 15 முதல் 20 வரை உயர்த்தி வைத்து, பின்னர் அளந்து பார்த்துத் தேவைக்கேற்ப மட்டும் சேர்ப்பது நல்ல பழக்கம். அமோனியாவை அளக்காமல், அட்டவணையில் எழுதியிருக்கிறது என்பதற்காக அறுவடைவரை நாள்தோறும் வெல்லப்பாகு ஊற்றும் வழக்கம், தொட்டிக்குக் கேடு.

திரள் என்பது பாக்டீரியா மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. நன்கு நிலைபெற்ற தொட்டியிலிருந்து ஒரு துளி நீரை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், பழுப்பு நிறத்தில், ஒழுங்கற்ற விளிம்போடு, இடையிடையே துளைகள் கொண்ட சிறு கட்டிகள் தெரியும். பாக்டீரியா சுரக்கும் பசை போன்ற பொருளே அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தப் பசையில் பாசி இழைகளும், உதிர்ந்த தீவனத் துகள்களும், எச்சத்தின் நார்களும் சிக்கியிருக்கும். கட்டியின் ஓரங்களில் மணி வடிவ உடலைக் காம்பின் மேல் தாங்கிய குறுஇழை உயிரிகள் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். சக்கர உயிரிகள் பாக்டீரியாவைச் சுழற்றி வாய்க்குள் இழுக்கும். மெல்லிய உருளைப்புழுக்கள் கட்டிக்குள் நுழைந்து வெளிவரும். இத்தகைய திரள் ஒன்றின் அளவு சில பத்து மைக்ரானிலிருந்து ஒரு மில்லிமீட்டரையும் தாண்டிப் போகலாம். தனிப் பாக்டீரியாவைப் பிடித்துத் தின்பது பெரும்பாலான வளர்ப்பு மீன்களுக்கு எளிதன்று. பாக்டீரியாக்கள் திரண்டு கட்டியாகும்போதுதான் நல்ல இரையாகின்றன. ஆகவே காற்றூட்டம் திரளை மிதக்க வைக்கும் அளவுக்கு வலுவாகவும், உடைத்துத் தூளாக்கிவிடாத அளவுக்கு மென்மையாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

உலர்த்திய திரளில் புரதம் 25 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். பெரும்பாலான அளவீடுகள் 30க்கும் 45க்கும் இடையில் விழுகின்றன. கொழுப்பு குறைவு, பெரும்பாலும் 1 முதல் 5 சதவீதம். மெத்தியோனின், லைசின் ஆகிய அமினோ அமிலங்கள் சில திரள்களில் போதாமல் இருப்பதுண்டு. வைட்டமின் சியும் அப்படியே. ஆகவே திரள் மட்டுமே முழு உணவாகாது, நல்ல தீவனத்துக்குத் துணையாகத்தான் அதைக் கொள்ள வேண்டும். ஆனால் அந்தத் துணை சிறியதன்று. பெலீஸ் பண்ணையின் நீரில், நைட்ரஜனின் நிலையான ஐசோடோப்பை அடையாளமாகப் பயன்படுத்திச் செய்த ஆய்வில், வெள்ளைக்கால் இறாலின் உடலில் அன்றாடம் தங்கிய நைட்ரஜனில் 18 முதல் 29 சதவீதம் நீரில் இருந்த இயற்கை உயிர்த்தொகுதியிலிருந்து வந்தது என்று கணக்கிடப்பட்டது. திலேப்பியாவின் புரதத் தேவையில் ஏறத்தாழ பாதியைத் திரளால் ஈடுசெய்ய முடியும் என்று அவ்னிமெலெக்கின் பிந்தைய ஆய்வு மதிப்பிட்டது. அவருடைய 1999ஆம் ஆண்டு ஆய்விலேயே, புரதத்தை 30 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்து, கூடுதல் மாவுச்சத்துச் சேர்த்த குளங்களில் திலேப்பியாவின் வளர்ச்சி பின்தங்கவில்லை. புரதம் பயன்பட்ட அளவோ ஏறத்தாழ இரட்டிப்பானது.

வளர்ச்சி கூடுவதற்குக் கூடுதல் புரதம் மட்டுமே காரணமன்று. திரள் இருபத்து நான்கு மணி நேரமும் வாய்க்கு எட்டும் தூரத்தில் மிதப்பதால், தீவன வேளைகளுக்கு இடையிலும் மீன் மேய்ந்துகொண்டே இருக்கும். இளம் குஞ்சுகளுக்கு இது பெரும் பயன் தரும். அவற்றின் வயிறு சிறியது, செரிமான வேகம் மிகுதி. திரளில் உள்ள பாக்டீரியா சுரக்கும் புரதச் சிதைப்பு நொதிகளும் மாவுச்சத்துச் சிதைப்பு நொதிகளும் குடலுக்குள் போய்ச் செரிமானத்துக்கு உதவுகின்றன என்பதற்குப் பல ஆய்வுகளில் சான்று உண்டு. இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது நீரின் நிலைத்தன்மையை. அமோனியா நாள்தோறும் ஏறி இறங்கும் தொட்டியில் வாழும் மீன், தின்றதில் கணிசமான ஆற்றலை உடல் அழுத்தத்தைச் சமாளிக்கவே செலவிடுகிறது; அந்தச் செலவு நின்றால் அதே தீவனம் எடையாக மாறும்.

நோயைப் பற்றிய பேச்சும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மொத்த அமோனியாவில் நஞ்சாக இருப்பது அயனியாகாத பகுதி. 30 டிகிரி வெப்பநிலையில், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7 ஆக இருக்கும்போது அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 9ஐத் தொட்டால் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். பாசி மிகுந்த பச்சை நீரில் பிற்பகல் வேளையில் பிஎச் இப்படி ஏறுவது வழக்கம். பாக்டீரியா மிகுந்த பழுப்பு நீரில் அவை விடும் கார்பன் டை ஆக்சைடு பிஎச் அளவை ஏறவிடாமல் கீழே வைத்திருக்கும். அமோனியா செவுளின் மென்படலத்தைத் தடிக்கச் செய்கிறது, உடலில் கார்ட்டிசால் என்னும் அழுத்த இயக்குநீரை உயர்த்துகிறது, வெள்ளணுக்களின் வேலையைத் தளர்த்துகிறது. ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் பெரும்பாலான நன்னீர்த் தொட்டிகளில் எப்போதும் இருப்பவையே. மீன் தளர்ந்த நேரத்தில்தான் அவை நோயாக வெளிப்படுகின்றன. பயோஃபிளாக் தரும் நோய்ப் பாதுகாப்பில் பெரும்பங்கு, மீனைத் தளரவிடாமல் வைத்திருக்கும் இந்தச் சாதாரணமான வேலையிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. நீர் மாற்றம் மிகக் குறைவு என்பதால் ஆற்றுநீர், கடல்நீர் வழியே புதிய கிருமி உள்ளே வரும் வழியும் அடைபடுகிறது. இறால் வளர்ப்பில் வைரஸ் நோய்கள் பரவிய காலத்தில் நீர் மாற்றாத முறைகள்மீது கவனம் திரும்பியதற்கு இதுவும் காரணம்.

அதற்கு மேலும் சில அடுக்குகள் உண்டு. முதலாவது, இடப் போட்டி. நுண்ணுயிர்களில், உணவு திடீரெனக் கிடைத்தால் மின்னல் வேகத்தில் பெருகும் சந்தர்ப்பவாதிகள் ஒரு வகை. குறைந்த உணவில் நிதானமாக வாழ்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்பவை மற்றொரு வகை. நோய் உண்டாக்கும் விப்ரியோ இனங்களில் பல முதல் வகையைச் சேர்ந்தவை. தொட்டியை முழுதாகக் கழுவிக் கிருமிநீக்கம் செய்து, சுத்தமான நீரை நிரப்பி, தீவனத்தைப் போட்டால், காலியான இடத்தை முதலில் பிடிப்பவை பெரும்பாலும் அவையே. முதிர்ந்த திரள் நிறைந்த நீரில் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.

இரண்டாவது, நோயெதிர்ப்பைத் தட்டி எழுப்புதல். பாக்டீரியாவின் செல் சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கான், லிப்போபாலிசாக்கரைடு, பூஞ்சை மற்றும் பாசியின் சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் ஆகியவற்றை மீனின் பிறவி நோயெதிர்ப்பு அமைப்பு அயலாரின் அடையாளமாக அறிந்துகொள்கிறது. திரளை இடைவிடாமல் தின்னும் மீனின் குடலும் செவுளும் இந்த அடையாளங்களை ஓயாமல் சந்திக்கின்றன. இதனால் இரத்தத்தில், கிருமிகளின் சுவரைச் சிதைக்கும் லைசோசைம் என்னும் நொதியின் அளவும், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களின் செயலும், அவை உள்ளே விழுங்கியதைக் கொல்லப் பயன்படுத்தும் ஆக்சிஜன் வெடிப்பும் கூடுகின்றன என்று திலேப்பியா, ரோகு உள்ளிட்ட மீன்களில் நடந்த சோதனைகள் காட்டியுள்ளன. இறாலுக்கு நம்மைப் போல நோயை நினைவில் வைக்கும் எதிர்ப்பொருள் அமைப்பு கிடையாது. அதன் பாதுகாப்பு முழுவதும் பிறவி நோயெதிர்ப்பைச் சார்ந்தது என்பதால், அதில் இந்த விளைவு இன்னும் முக்கியத்துவம் பெறுகிறது.

மூன்றாவது அடுக்கு வேதியியல் சார்ந்தது. கார்பன் மிகுந்து கிடைக்கும்போது பல பாக்டீரியாக்கள் அதைப் பாலி பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்னும் சேமிப்புப் பொருளாக உடலுக்குள் மணிமணியாக அடுக்கி வைத்துக்கொள்கின்றன. அது குடலில் உடைந்தால் சிறு கொழுப்பு அமிலமாகி, விப்ரியோ போன்ற கிருமிகளின் வளர்ச்சியை ஒடுக்குகிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரியின் லார்வாக்களில் இதைக் காட்டினர். கிளிசராலைக் கார்பன் ஆதாரமாகக் கொண்டு வளர்த்த திரள், நோய்க் கிருமியான விப்ரியோவின் தாக்குதலிலிருந்து அந்த லார்வாக்களைக் காத்ததை 2010இல் அவர்கள் வெளியிட்டனர். எந்தக் கார்பன் பொருளை இடுகிறோம் என்பது திரளின் தன்மையையே மாற்றக்கூடும் என்ற கேள்வி அதன்பின் வலுப்பெற்றது.

இத்தனையையும் சொன்னபின் ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நோய் தாங்கும் திறனைச் சோதிக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறிய தொட்டிகளில், சில வாரங்கள் வளர்த்த மீனுக்கு ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா அல்லது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஊசிவழி செலுத்தி, எத்தனை மீன் பிழைக்கிறது என்று எண்ணுபவை. அவற்றில் பயோஃபிளாக் மீன்கள் பெரும்பாலும் கூடுதலாகப் பிழைக்கின்றன. இது மெய்யான பலன். ஆனால் ஊசிவழி செலுத்தும் கிருமி தோல், சளி, செவுள், குடல் ஆகிய முதல் அரண்களைத் தாண்டிப் போய்விடுகிறது. பண்ணையில் நோய் அப்படி வருவதில்லை. லைசோசைம் கூடியது என்பதும் மீன் பிழைக்கும் என்பதும் ஒரே செய்தி அல்ல. பிறவி நோயெதிர்ப்பை மாதக்கணக்கில் தூண்டியபடியே இருப்பதற்கு உடல் ஒரு விலை கொடுக்கிறதா என்பதையும் ஆய்வுகள் எடைபோட வேண்டும். தடுப்பூசி ஒரு குறிப்பிட்ட கிருமிக்கு எதிராகத் தரும் பாதுகாப்பைத் திரளிடம் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். திரள் பரவலான, மிதமான பாதுகாப்பைத் தருகிறது. நீர் கெட்ட அன்றே அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது.

நீர் கெடுவதற்கான வழிகளும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கின்றன. 36 கிராம் நைட்ரஜனைப் பாக்டீரியா உடலாக மாற்றும்போது 170 கிராம் அளவுக்கு ஆக்சிஜன் செலவாகிறது. மீனின் மூச்சுக்கு வேண்டியது தனி. செறிவான பயோஃபிளாக் தொட்டியில் நீர் ஒரு மணி நேரத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் ஆக்சிஜனை உறிஞ்சக்கூடும். கரைந்த ஆக்சிஜன் 6 மில்லிகிராம் இருக்கும்போது காற்றூட்டி நின்றால், அரை மணி நேரத்தில் அது பாதியாகும், ஒரு மணி நேரத்துக்குள் தொட்டி மூச்சடைத்துவிடும். மாற்று மின் ஏற்பாடு தானாக ஓடத் தொடங்கும்படி இல்லாத இடத்தில் இம்முறையைத் தொடங்கவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். மின்தடையில் ஒரே இரவில் மொத்த மீனையும் இழப்பது இம்முறையில் மிக எளிதாக நடக்கக்கூடிய ஒன்று. நோயால் வரும் இழப்பு அதற்குப் பின்னரே வருகிறது.

அடுத்தது திண்மம். ஒரு நாளைக்கு ஒரு கிலோ தீவனம் இடும் 10 கன மீட்டர் தொட்டியில், நம் கணக்குப்படி நாள்தோறும் லிட்டருக்கு 29 மில்லிகிராம் திரள் கூடலாம். மீன் எதையுமே தின்னாவிட்டால் இரண்டரை வாரத்தில் அது 500 மில்லிகிராமை எட்டிவிடும். பல மீன்களுக்கு அதுவே மேல் வரம்பு. அதற்கு மேல் செவுள் அடைபடத் தொடங்கும், ஆக்சிஜன் தேவையும் வீணாக ஏறும். இதைக் கவனிக்க இம்ஹாஃப் கூம்பு என்ற எளிய கருவி போதும். ஒரு லிட்டர் நீரைக் கூம்பில் ஊற்றி, அசையாமல் 20 முதல் 30 நிமிடம் வைத்தால், திரள் அடியில் படிந்து எத்தனை மில்லிலிட்டர் என்று கோட்டில் தெரியும். இறாலுக்கு 10 முதல் 15 வரையும், திலேப்பியாவுக்கு 25 முதல் 50 வரையும் வைத்திருப்பது வழக்கம். எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கூம்பைக் கழுவிவிடுவது பாதி வேலைதான். படிந்த திரள் பழுப்பாக, ஓரளவு கெட்டியாக அமர்ந்து, மேலே நீர் தெளிந்தால் நல்லது. பஞ்சுபோல உப்பி, எவ்வளவு நேரமானாலும் இறங்காமல் நின்றால் இழைப் பாக்டீரியா மிகுந்துவிட்டது என்று பொருள். அந்த இழைகள் செவுளில் சிக்கும். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தொட்டியின் ஏதோ ஒரு மூலையில் ஆக்சிஜன் எட்டாத சேறு தங்கி ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. மிகுதியான திரளைப் படியவைக்கும் சிறு தொட்டி ஒன்றை ஒட்டி அமைத்து, அவ்வப்போது வெளியேற்றுவதே இதற்கு வழி.

அமிலத்தைச் சமன்செய்து பிஎச் அளவைச் சரியவிடாமல் வைத்திருக்கும் நீரின் காரத்தன்மையும் கவனிக்கப்படாமல் கரைந்துபோகும். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க, கால்சியம் கார்பனேட் அளவில் 7 கிராம் காரத்தன்மை செலவாகிறது. நீரை மாற்றாத தொட்டியில் அதை ஈடுசெய்ய வேறு வரத்து இல்லை. லிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் என்ற அளவுக்குக் கீழே அது இறங்காமல் சோடியம் பைகார்பனேட் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கவிட்டால் பிஎச் சரிந்து, நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவின் வேலை நின்று, அடங்கியிருந்த அமோனியா மீண்டும் தலைதூக்கும். தொடக்க வாரங்களில் அமோனியா இறங்கியதும் நைட்ரைட் ஏறுவதும் இயல்பு. நைட்ரைட் இரத்தத்தின் நிறமியை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடுவதால் மீனின் இரத்தம் பழுப்பாகும். நீரில் உப்பு சேர்த்துக் குளோரைடை உயர்த்தினால் நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவது குறையும்.

எல்லா மீனும் இந்த நீருக்குப் பொருந்துவதில்லை. கலங்கிய நீரைத் தாங்க வேண்டும், நெரிசலைத் தாங்க வேண்டும், திரளை வடிகட்டியோ மேய்ந்தோ தின்னவும் தெரிந்திருக்க வேண்டும். திலேப்பியா மூன்றிலும் தேறுகிறது. செவுளில் சுரக்கும் சளியில் நுண்துகளைத் திரட்டி விழுங்கும் திறன் அதற்கு உண்டு. வெள்ளைக்கால் இறாலும் அப்படியே. கெண்டை இனங்கள் ஓரளவு நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. கெளுத்தி இனங்கள் திரளைத் தின்பதைவிட நீரின் தரத்தால்தான் அதிகம் பயன் அடைகின்றன. கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் ஊனுண்ணிகளையும், குளிர்ந்த தெளிந்த நீரை விரும்பும் டிரவுட் போன்றவற்றையும் இதில் வளர்க்க முற்படுவது வீண்.

பயோஃபிளாக்கில் நோய் வராமல் பார்த்துக்கொள்வதன் முக்கியத்துவம், நோய் வந்த பின்னர்தான் முழுதாகப் புரியும். ஏனெனில், வழக்கமான மருந்துகள் எதையும் தொட்டியில் தயங்காமல் ஊற்ற முடியாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோ, ஃபார்மலினோ, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோ கிருமியோடு சேர்த்துத் திரளையும் கொல்லும். இறந்த திரள் அழுகி ஆக்சிஜனைக் குடிக்கும், அதனுள் கட்டுண்டிருந்த நைட்ரஜன் அமோனியாவாக ஓரிரு நாளில் வெளியே வரும், ஏற்கெனவே நோயுற்ற மீன் அதையும் தாங்க வேண்டியிருக்கும். உலர் தீவனத்தில் கலந்து கொடுக்கும் மருந்திலும் ஒரு பகுதி நீரில் கரைந்து, நுண்ணுயிர்களிடையே மருந்தை எதிர்த்து நிற்கும் பண்பை வளர்க்கும். மேலும், மருந்தால் காலியான இடத்தை முதலில் நிரப்புபவை வேகமாகப் பெருகும் சந்தர்ப்பவாதிகளே. வெல்லப்பாகு போன்ற எளிதில் கரையும் சர்க்கரையை அந்த நேரத்தில் ஊற்றினால் அவற்றுக்கே விருந்து வைத்ததாகும். ஆகவே மீன் தீவனத்தை விட்டு ஒதுங்குகிறது, மேல்மட்டத்தில் சோர்ந்து மிதக்கிறது என்று தெரிந்த அன்றே தீவனத்தையும் மாவுச்சத்தையும் பாதியாகக் குறைத்து, காற்றூட்டத்தைக் கூட்டி, அமோனியா, நைட்ரைட், பிஎச், காரத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் ஆகிய ஐந்தையும் அளந்து, கூம்பில் திரளைப் பார்த்து, மிகுதியை வெளியேற்றி, இறந்த மீன்களை உடனுக்குடன் அகற்ற வேண்டும். மருந்து தேவை என்று மீன் நோய் ஆய்வகம் கிருமியைக் கண்டறிந்து சொன்னால், மீனைத் தெளிந்த நீருள்ள வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே சிகிச்சை அளிப்பதே திரளையும் மீனையும் சேர்த்துக் காக்கும் வழி. அதற்கான வெற்றுத் தொட்டி ஒன்றை, குஞ்சு விடும் நாளிலிருந்தே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.